கண்ணாடி அலமாரியில் கிராபிக்ஸ் கார்டு

நியூதோவா, டோங்கா
16 ஏப்ரல்

அண்ணா,

கொசுவலைக்குள் டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். அம்மா பக்கத்தில் தூங்குகிறாள். அப்பா இருமினால் டார்ச்சை அணைத்துவிடுவேன்.

மதர்போர்டு வந்து சேர்ந்தது. மாவு மூட்டைக்குள் ஒளித்தது நல்ல யோசனைதான். ஆனால் பிளாஸ்டிக் பையை இன்னொரு சுற்று சுற்றியிருக்கலாம். இரண்டு ராத்திரி உட்கார்ந்து பழைய பல் பிரஷ்ஷால் மாவைத் தட்டினேன். பிராசசர் உட்காரும் இடத்தின் மூடி கழலாமல் இருந்ததால் ஊசிகள் பிழைத்தன. அம்மாவின் மரப்பட்டைத் துணிச் சுருள்களுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். ஊரில் அடுத்த சாவோ கல்யாணமோ வரும்வரை அங்கே யாரும் கை வைக்க மாட்டார்கள்.

நீங்கள் கேட்டபடி, சாப்பாட்டு மணி அடித்ததும் பள்ளி நூலகத்துக்கு ஓடிப் போய்ப் பார்த்தேன். ஒருவருக்கு இருபது நிமிடம்தான். பவர் சப்ளையை முதலில் வாங்குங்கள். அதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். நம் ஊரில் கரண்ட் எப்படி வந்து போகும் என்று உங்களுக்கே தெரியும், மட்டமானது ஒரு மழைக்காலம் தாங்காது. ராம் இரண்டு துண்டுகளும் ஒரே ஜோடியாக இருக்கட்டும். கேபினெட்டே வேண்டாம். ரொட்டிக் கடை பிளாஸ்டிக் கூடை ஒன்று என்னிடம் இருக்கிறது, காற்றும் நன்றாகப் போகும். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் கடைசியில். அவைதான் விலை. அவசரப்பட்டு வாங்கிவிட்டால் மற்ற எல்லாவற்றையும் அவற்றுக்காக மாற்ற வேண்டியிருக்கும்.

சனிக்கிழமை போனில் உங்கள் குரலைக் கேட்டேன். அப்பா ஸ்பீக்கரில் போட்டார். சுலியெதி அத்தைதான் முதலில் பேசினாள், அப்பாவின் அக்கா ஆயிற்றே. நான் வாசலுக்கு வெளியே நின்றேன். எனக்குப் பத்து வயதானதிலிருந்து நாம் ஒரே அறையில் உட்கார்ந்ததில்லை. தங்கை உள்ளே வந்தால் அண்ணன் எழுந்து போய்விட வேண்டும், எல்லா வீட்டிலும் அப்படித்தான். கடிதத்துக்கு அந்த வழக்கம் உண்டா என்று தெரியவில்லை. யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"கூட வேலை பாக்கற ஃபோது சிட்னிக்கு ஓடிடலாம்கறான்" என்று நீங்கள் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் ஊர் மாகாவும் இப்படித்தான் அங்கே பழத்தோட்ட வேலையை விட்டுப் பாதியில் ஓடினான். விசா போயிற்று. அவன் அம்மா செத்தபோது வர முடியவில்லை. சவப்பெட்டிமேல் போனை வைத்தார்கள், போனுக்குள் அவன் அழுதான். பாடகர் வரிசையில் நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

நவம்பரில் வேலை முடிந்ததும் விமானம் ஏறிவிடுங்கள். மிஷினை நான் கட்டி முடித்து வைக்கிறேன். அது பையன்கள் தனியாகப் படுக்கும் உங்கள் குடிசைக்குத்தான் போகும், அங்கே நான் கால் வைக்க முடியாது. தெரிந்துதான் செய்கிறேன்.

அப்பா இருமுகிறார்.

லெசியெலி


ராபின்வேல், விக்டோரியா
7 மே

தங்கச்சி,

பள்ளி முகவரிக்கே இதையும் போடுகிறேன். டீச்சர் பிரிக்காமல் தருகிறாரா? பிரித்தாலும் ஒன்றுமில்லை, அவருக்கு என்ன புரியப்போகிறது.

நீ சொன்னதைக் கேட்கவில்லை, திட்டாதே. கிராபிக்ஸ் கார்டு வாங்கிவிட்டேன். மில்டுராவில் ஒரு பையன் பழையதை விற்றான். பழையது என்றால் ஒரு வருடம்தான் ஓடியிருக்கிறது. அவன் வீட்டிலேயே ஒரு கேம் போட்டுக் காட்டினான். தங்கச்சி, புல் ஆடுவது தெரிந்தது. ஒவ்வொரு புல்லும். நான் காலையிலிருந்து சாயங்காலம்வரை நிஜப் புல்லில்தான் நிற்கிறேன், ஒரு நாள்கூட நின்று பார்த்ததில்லை. அங்கே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

இந்த வருடம் சம்பாதித்ததில் கூரைத் தகட்டுக்குப் போனது, சர்ச் காணிக்கைக்குப் போனது, யார் யாருக்கோ போனது. குறை சொல்லவில்லை. எனக்கு என்று ஒன்று இருக்கட்டுமே என்று தோன்றியது. அவ்வளவுதான்.

மாவுக்குள் போடவில்லை. பெட்டி அவ்வளவு அழகு, கெடுக்க மனம் வரவில்லை. டவல்களுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். கப்பலில் அனுப்பும் டிரம்மின்மேல் அப்பா பெயரை எழுதினேன். போன முறை அம்மா பெயரைப் போட்டதற்கு அப்பா முகம் தொங்கிவிட்டதாம். பெயர்தானே, இருந்துவிட்டுப் போகட்டும். துறைமுகத்திலிருந்து வந்ததும் நீ முந்திக்கொண்டு டவலை எடுத்துவிடு.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. ஒரு அறையில் ஆறு பேர். சோற்றுப் பாத்திரத்தைக் கழுவாமலே தூங்கிவிடுகிறேன், காலையில் அதே பாத்திரத்தைப் பார்த்துத்தான் எழுந்திருக்கிறேன். ஃபோது சிட்னிக் கதையை விடுவதாயில்லை. "அங்க போனா கையில காசு, மேஸ்திரி கிடையாது, தூங்கற நேரம் நம்ம இஷ்டம்" என்கிறான். முன்பெல்லாம் சிரிப்பேன். இப்போது சிரிக்கவும் அலுப்பாக இருக்கிறது.

கெலெபி


நியூதோவா
20 ஜூன்
(இதை அனுப்பப்போவதில்லை.)

அண்ணா,

டவலை நான் முந்திக்கொண்டு எடுக்கவில்லை.

டிரம் வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். பஸ்ஸைவிட்டு இறங்கி வருவதற்குள் பாய் விரித்து, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, பாதி பிரித்துவிட்டார்கள். டிரம்மில் அப்பா பெயர். அப்பா பெயரில் வந்தால் அது அத்தைக்கு வந்த மாதிரிதான். அவள் நாற்காலியில் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அம்மா ஒவ்வொன்றாக எடுத்து அவள் முன்னால் வைக்க, அவள் "இது உனக்கு, இது எனக்கு, இது பாதிரியார் வீட்டுக்கு" என்று பிரித்துக்கொண்டிருந்தாள். கோழி டின், சோப்பு, மாட்டிறைச்சி டின். அப்புறம் டவல்.

"அடேயப்பா, இது என்னடா பெட்டி? இப்படி மின்னுது?" என்றாள்.

அப்பா எட்டிப் பார்த்தார். "தெரியலக்கா. உனக்குன்னு அனுப்பியிருப்பான்."

"எனக்கு இல்லாம வேற யாருக்கு அனுப்பப்போறான்? லெசி, நீதான் இங்கிலீஷ்ல ஃபர்ஸ்ட்டாச்சே. வாசி, என்ன எழுதியிருக்குன்னு."

நான் பெட்டியைக் கையில் வாங்கினேன். கனமாக இருந்தது. வாசித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஏதோ கம்ப்யூட்டர் சாமான் அத்தை."

"நம்ம வீட்டுல ஏது கம்ப்யூட்டர்? சரி, குடு. அலமாரில வெச்சா எடுப்பா இருக்கும்."

கொடுத்துவிட்டேன். அப்பாவின் அக்கா கேட்டால் இல்லை என்று சொல்ல இந்த வீட்டில் யாருக்கும் வாய் கிடையாது. அப்பாவுக்கே கிடையாது, எனக்கு எங்கிருந்து வரும்? "அது அண்ணாவுடையது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எது அண்ணாவுடையது, எதற்கு, எவ்வளவு ஆயிற்று என்று அவிழ்ந்துகொண்டே போயிருக்கும். பாதிக் கூரையில் இன்னும் நீலத் தார்ப்பாய்தான் கட்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அத்தை வீட்டில் சாப்பாடு. கண்ணாடி அலமாரியில் கல்யாண போட்டோவுக்கும் பிளாஸ்டிக் ரோஜாவுக்கும் நடுவில் உங்கள் கிராபிக்ஸ் கார்டு நிற்கிறது. கீழே குரோஷா துணிகூட விரித்திருக்கிறாள்.

இதை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? "எனக்கு என்று ஒன்று" என்று எழுதினீர்கள். அந்த ஒன்றும் போய்விட்டது என்று தெரிந்தால் நீங்கள் ஃபோதுவோடு சிட்னிக்கு ஓடிவிடுவீர்கள். பயமாக இருக்கிறது.


நியூதோவா
21 ஜூன்

அண்ணா,

டிரம் பத்திரமாக வந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது. டவல்கள் நல்ல தடிமன்.

ஒரு விஷயம். பிராசசர் வாங்கும்போது, தனக்குள்ளேயே படம் காட்டும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கார்டு இல்லாவிட்டாலும் அதில் மானிட்டர் வேலை செய்யும். கொஞ்சம் விலை கூடத்தான். ஆனால் அதுதான் வேண்டும்.

மானிட்டருக்கு என்ன செய்வது?

நவம்பர் எந்தத் தேதி வருகிறீர்கள்? பயணச்சீட்டு போட்டுவிட்டார்களா?

லெசியெலி


ராபின்வேல்
18 ஜூலை

தங்கச்சி,

ராமும் எஸ்.எஸ்.டி.யும் பவர் சப்ளையும் ஜூலை டிரம்மில் வருகின்றன. அறுநூற்றைம்பது வாட், புதுசு, நீ சொன்ன மாதிரி. மறுபடியும் மாவுக்குள். இந்த முறை டிரம்மில் அம்மா பெயர்.

பிராசசர் விஷயம் எனக்குப் புரியவில்லை. அவ்வளவு நல்ல கார்டு கையில் இருக்கும்போது, படம் காட்டும் பிராசசர் எதற்கு? இல்லாதது விலையும் குறைவு, வேகமும் அதே. கார்டைப் போட்டால் மானிட்டரைக் கார்டில்தானே மாட்டப் போகிறோம்? கடைக்காரனிடம் இல்லாததையே எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஆகஸ்ட் கடைசியில் சம்பளம் வந்ததும் வாங்குவேன். வேறு காரணம் இருந்தால் அதற்குள் எழுது.

மானிட்டருக்கு ஈசிலேலி மாமாவிடம் போ. அவர் கடைக்குப் பின்னால் ஒன்று வைத்திருக்கிறார். அம்மாவின் தம்பி அவர், நீ கேட்டால் இல்லை என்று சொல்ல முடியாது. உனக்கு அங்கே உரிமை. வாய் திறந்து கேள்.

இப்போது திராட்சைக் கொடி வெட்டும் வேலை. வரிசைக்கு முந்நூறு கொடி, காலையில் கம்பியெல்லாம் பனி. தூங்கும்போதும் விரல்கள் கத்தரியைப் பிடித்த மாதிரியே மடங்கிக் கிடக்கின்றன, இன்னொரு கையால் பிரித்துவிட வேண்டியிருக்கிறது. ஃபோது கார் வாங்கிவிட்டான். ஆகஸ்ட் 26 கிளம்புகிறானாம், ஒரு இடம் காலி. "மூணு மாசம் குறைச்சுக்கிட்டா என்னடா, யாரு உன்னத் தேடப்போறா?" என்றான்.

பயணச்சீட்டு பற்றிக் கேட்டிருந்தாய். இன்னும் போடவில்லை.

சில ராத்திரி அந்தக் கார்டை நினைத்துக்கொள்கிறேன். உன்னிடம் இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது என்று. சிரிக்காதே.

கெலெபி


நியூதோவா
8 ஆகஸ்ட்

அண்ணா,

மாமா வீட்டுக்குப் போனேன்.

"என்னம்மா, இவ்வளவு தூரம்? உட்காரு, தண்ணி குடி. என்ன வேணும், சொல்லு" என்றார். நான் கையை நீட்டிக் காட்டினேன்.

"இதுவா? எடுத்துக்கோ. வயரையும் எடுத்துக்கோ."

மாமா மகள் லோசா தரையில் உட்கார்ந்து அதில் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்பது வயது. "அப்பா, இன்னும் பாதிதான் ஆச்சு" என்றாள்.

"அக்காவுக்கு வேணுமாம். எந்திரி."

எழுந்துவிட்டாள். அழவில்லை. மாமா தன் படுக்கை விரிப்பை உருவி மானிட்டரைச் சுற்றி, பஸ் நிறுத்தம்வரை அவரே சுமந்து வந்தார். லோசா பின்னாலேயே வந்தாள். கையில் மவுஸ். பஸ் வந்ததும் என்னிடம் நீட்டி, "இதையும் எடுத்துட்டுப் போவியாக்கா?" என்றாள். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டாள். எடுத்துக்கொள்வதாக இருந்தால் கொடுப்பதற்குத் தயாராக நின்றாள்.

நான் வாங்கவில்லை. பஸ்ஸில் வழி முழுக்க மடியில் அந்த மூட்டை. திருப்பிக் கொடுக்கவும் முடியாது, கொடுத்தால் மாமாவை அவமானப்படுத்தின மாதிரி. ஜன்னலில் என் முகம் தெரிந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அண்ணா, பொய் சொன்னேன். கார்டு என்னிடம் இல்லை. ஜூன் மாதமே அத்தை எடுத்துக்கொண்டாள். அலமாரியில் இருக்கிறது. நான்தான் என் கையால் எடுத்துக் கொடுத்தேன். அப்போதே ஒரு கடிதம் எழுதி அனுப்பாமல் வைத்துவிட்டேன், அதையும் இதோடு வைக்கிறேன். அதனால்தான் அந்தப் பிராசசரைக் கேட்டேன். இல்லாததை வாங்கிவிட்டால் திரை இருட்டாகவே இருக்கும், உங்கள் காசெல்லாம் வீண்.

நீங்கள் ஓடிவிடுவீர்கள் என்ற பயத்தில்தான் மறைத்தேன். இப்போது அந்தப் பயம் இன்னும் கூடத்தான் இருக்கிறது. ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திட்டுவதாக இருந்தால் திட்டுங்கள், எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். இது 26-க்குள் உங்கள் கைக்கு வருமா என்று தபால் ஆபீசில் கேட்டேன். "வந்தாலும் வரும்" என்றாள் அந்தப் பெண், நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டே.

லெசியெலி


ராபின்வேல்
3 செப்டம்பர்

தங்கச்சி,

உன் கடிதம் 29-ஆம் தேதிதான் வந்தது. அதற்கு முன்பே எனக்குத் தெரியும்.

பிராசசர் வாங்கப் போன அன்று கடைக்காரன் இரண்டு டப்பாவையும் மேசைமேல் வைத்தான். "படம் காட்டறது உனக்கு எதுக்குப்பா? கார்டு செத்துப்போனவன் வாங்கறது இது" என்றான். அங்கேயே புரிந்துவிட்டது. கார்டைக் கையில் வைத்திருப்பவள் இதைக் கேட்க மாட்டாள். செத்துப்போகவில்லை என்றால் யாரிடம் போயிருக்கும்? அப்பா பெயரை டிரம்மில் எழுதினவனே நான்தான். அத்தை நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுகூடக் கண்ணில் வந்தது. நீ கேட்டதையே வாங்கினேன். தனியாகப் பார்சலில் பள்ளிக்கு அனுப்பியிருக்கிறேன்.

கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். அன்றைக்கு ராத்திரி பையைக் கட்டினேன். 26-ஆம் தேதி ஃபோதுவின் காரில் ஏறினேன்.

பல்ரானால்டுவரை போனோம். வழியில் ஃபோது, "என்னடா, எழவு வீட்டுக்குப் போற மாதிரி வர்ற?" என்றான். சொன்னேன். கிராபிக்ஸ் கார்டு, அத்தை, எல்லாம்.

"அலமாரிலயா வெச்சிருக்காங்க?"

"வேற எங்க? அவங்களுக்குக் கம்ப்யூட்டரா இருக்கு?"

ஃபோது காரை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தான். "எங்க அத்தை என் கல்யாணக் கோட்டையே கழட்டி வாங்கிட்டுப் போனாங்கடா. கல்யாணத்தன்னைக்கு! சட்டையோட நின்னேன். போட்டோல பாரு." நானும் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தோம். எத்தனை மாதம் ஆயிற்று அப்படிச் சிரித்து.

சிரித்து முடிந்ததும் சப்பென்று ஆகிவிட்டது. ஏழு மாதமாக இந்த ஊரில் என்னிடமிருந்து யாரும் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. எடுக்கும் அளவுக்கு நான் யாருக்கும் எதுவும் இல்லை. சிட்னியிலும் அப்படித்தான் இருக்கும், இன்னும் கொஞ்சம் பெரிதாக. பெட்ரோல் பங்கில் இறங்கி, "நான் வரலைடா" என்றேன். அவன் வற்புறுத்தவில்லை. தின்பதற்கு ஒரு பொட்டலம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். பெஞ்சில் தூங்கினேன். காலையில் பாதாம் லாரி ஒன்றில் திரும்பி வந்தேன். மேஸ்திரி ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு, "வயித்துப்போக்குன்னு எழுதிக்கிறேன்" என்றார்.

உன் கடிதம் வந்தபோது கட்டிலில் படுத்துக்கொண்டு வாசித்தேன். லோசா மவுஸை நீட்டினாள் என்று எழுதியிருந்தாய். அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். மாமாவிடம் கேள் என்று அவ்வளவு சுலபமாக எழுதியவன் நான். அதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் செய்.

பயணச்சீட்டு போட்டுவிட்டார்கள். நவம்பர் 19.

கெலெபி


நியூதோவா
9 அக்டோபர்

அண்ணா,

ஓடுகிறது.

சனிக்கிழமை மத்தியானம் செய்தேன். அப்பா தோட்டத்தில், அம்மா பெண்களோடு மரப்பட்டைத் துணி வேலையில். லோசாவைப் பஸ்ஸில் வரவழைத்தேன். உன் மானிட்டர் வேலை செய்யுமா என்று நீயே பார், வா என்று சொல்லி அனுப்பினேன். மவுஸோடு வந்தாள். கொண்டு வா என்று நான் சொல்லவில்லை.

பிராசசரை வைத்தேன். மூடியை அழுத்தும்போது ஒரு சத்தம் வரும், உடைந்ததுபோலவே. அப்படித்தான் வரும் என்று வாசித்திருந்தேன், இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டேன். கூடைக்குள் மதர்போர்டை மீன்பிடி நரம்பால் கட்டினேன். பொத்தான் இல்லை, அதனால் இரண்டு ஊசிகளை ஸ்க்ரூடிரைவரால் தொட வேண்டும். லோசாதான் தொட்டாள். காற்றாடி சுற்றியது. திரை இருட்டு. எனக்கு உயிரே போயிற்று. ராமில் ஒன்று சரியாக உட்காரவில்லை. அழுத்தி உட்கார வைத்து மறுபடி தொட்டதும் எழுத்து வந்தது. லோசா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது கதவில் நிழல். அத்தை.

சுருட்டிய பாயைக் கையில் பிடித்தபடி நின்றாள். நான் எழுந்து நின்றேன். கூடையை மறைக்கக்கூடத் தோன்றவில்லை. கேட்டால் அதுவும் அவளுக்குத்தான். மொத்தமும்.

"என்னடி இது, கூடைக்குள்ள?"

"கம்ப்யூட்டர் அத்தை. அண்ணா கொஞ்சம் கொஞ்சமா அனுப்பினது."

வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் காற்றாடியையே பார்த்தாள். அப்புறம், "அப்ப என்கிட்ட இருக்கறது?" என்றாள்.

"அதுவும் இதுலதான் அத்தை. இதோட ஒரு பாகம்."

"வாயத் தொறந்து சொல்லக் கூடாதாடி?"

எப்படிச் சொல்ல முடியும் என்று அவளுக்கே தெரியும். கூடையின் விளிம்பைத் தடவிக்கொண்டே அவளே சொன்னாள். "எனக்கு அது என்னன்னே தெரியாது. அந்த டிரம்ல அது ஒண்ணுதான் திங்க முடியாததா, தேய்ஞ்சுபோகாததா இருந்துச்சு. டின்னெல்லாம் வாரத்துல தீர்ந்துடும், சோப்பு கரைஞ்சுடும். அது இருக்கும்ல? புள்ள அனுப்பினான்னு பாத்துக்கிட்டு இருக்கலாம்ல?"

திருப்பித் தருகிறேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. போகும்போது வாசலில் திரும்பி, "வந்துடுவான்ல?" என்றாள். பத்தொன்பதாம் தேதி என்றேன். அது அவளுக்குத் தெரியும், போனில் முதலில் கேட்டவளே அவள்தான். இருந்தாலும் கேட்டாள்.

அப்பாவும் பார்த்துவிட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தார்ப்பாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள், "இதுல ரக்பி தெரியுமா?" என்று கேட்டார்.

கார்டு இல்லாததால் கேம் மெதுவாகத்தான் ஓடுகிறது. ஆட்கள் முழங்கால் தண்ணீரில் நடப்பதுபோல நடக்கிறார்கள். புல்லெல்லாம் ஒரே பச்சை. சனிக்கிழமைகளில் லோசா வருகிறாள்.

லெசியெலி


ராபின்வேல்
4 நவம்பர்

தங்கச்சி,

இதுதான் இங்கிருந்து எழுதும் கடைசிக் கடிதம்.

மிஷினை என் குடிசைக்கு மாற்ற வேண்டாம். அம்மா அறையிலேயே இருக்கட்டும். அங்கே நான் வர முடியாது, தெரியும். குடிசைக்கு வந்தால் நீ தொட முடியாது. இரண்டில் ஒருவருக்குத்தான் என்றால், கட்டினவளிடம் இருப்பதுதான் சரி. எனக்கு இப்போது கேம் ஆட வேண்டும் என்றே தோன்றவில்லை. தூங்க வேண்டும். பன்றி கத்துவதையும் சேவல் கூவுவதையும் கேட்டுக்கொண்டே, எழுந்திருக்காமல் தூங்க வேண்டும்.

நேற்று உன் கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். எனக்கு உன்னைத் தெரியவே தெரியாது என்று இந்த வருடம்தான் தெரிந்தது. பல் பிரஷ்ஷால் மாவைத் தட்டியது, நரம்பால் கட்டியது, பொய் சொன்னது. பக்கத்துக் குடிசையில் இருந்தபோது உன்னைப்பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நீ வந்தால் நான் எழுந்து போக வேண்டும் என்பதுதான். வந்த பிறகும் அப்படித்தான் போவேன். அப்பாவுக்கு முன்னால், அத்தைக்கு முன்னால் வேறு மாதிரி இருக்க எனக்கு வராது. உனக்கும் வராது.

அடுத்த வருடம் மறுபடி கூப்பிடுவார்கள். வருவேனா என்று தெரியவில்லை. வந்தால் எழுதுவேன்.

கெலெபி


நியூதோவா
15 நவம்பர்

அண்ணா,

இது அங்கே போய்ச் சேரும்போது நீங்கள் இங்கே இருப்பீர்கள். உங்கள் கட்டிலுக்கு வந்த புது ஆள் யாராவது பிரிப்பான், இல்லையென்றால் மேஸ்திரி குப்பையில் போடுவார். தெரிந்துதான் எழுதுகிறேன். ராத்திரி ஆனால் கை தானாக டார்ச்சைத் தேடுகிறது.

அத்தை பூ கட்டிக்கொண்டிருக்கிறாள். விமான நிலையத்தில் அவள்தான் முதல் மாலை போடுவாள். அப்புறம் அப்பா, அப்புறம் அம்மா. நான் அம்மாவுக்குப் பின்னால் நிற்பேன். நீங்கள் என் பக்கம் பார்க்க மாட்டீர்கள், நானும் தரையைத்தான் பார்ப்பேன். லாரியில் நீங்கள் முன்னால், நான் பின்னால் பாய் மூட்டைகளோடு. வீட்டுக்கு வந்து நான் சோறு எடுத்துக்கொண்டு உள்ளே வந்தால் நீங்கள் எழுந்து வெளியே போவீர்கள்.

நீங்கள் வந்தால் மட்டும் போதும் என்று ஏப்ரலிலிருந்து ஜெபம் செய்தேன். வருகிறீர்கள். எனக்கு அது போதும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

எழுதிப் பார்த்தால் போதவில்லை.

இருந்தாலும் வாருங்கள்.

லெசியெலி